முடி கொட்டும் நாய்க்கு எந்தச் சீப்பு? வாங்கும் முன் ஒரு முழு வழிகாட்டி

கருப்பு பேண்ட் போடுவதை நான் விட்டு மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்குச் சீனி வந்த வருடம் அது. சீனி மஞ்சள் லேப்ரடார். மதுரை திருப்பாலையில் எங்கள் வீட்டுச் சோபா, மெத்தை, ஸ்கூட்டர் சீட், ஒருமுறை பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பணியாரம் வரைக்கும் அதன் முடி போய்ச் சேர்ந்திருக்கிறது. "இந்த முடிய எல்லாம் சேத்து வச்சிருந்தா இன்னொரு நாயே செஞ்சிருக்கலாம்" என்பது எங்கள் அப்பத்தாவின் கணக்கு.

முடியை அடக்க வாங்கிய சாமான்கள் ஒரு டிராயர் நிறைய இருக்கின்றன. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. அடிக்கடி கை போவது இரண்டில்தான். மற்ற ஏழில் நான்கு சீனிக்குப் பொருந்தாதவை, இரண்டு எந்த நாய்க்கும் பொருந்தாதவை. ஒன்று நல்ல கருவிதான், ஆனால் நான் அதைப் பிடித்த விதத்தில் நாயின் முதுகு புண்ணானது. அந்தக் கதை கீழே வரும். கடைக்குப் போய் "முடி கொட்டுது, ஒரு பிரஷ் குடுங்க" என்று மொட்டையாகக் கேட்டதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். நம் நாயின் முடி எத்தனை அடுக்கு, எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொண்டு போனால் கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும்.

1. இது சீப்பால் தீருமா?

முடி கொட்டுவது வேறு, வழுக்கை விழுவது வேறு. ஆரோக்கியமான நாய் எவ்வளவு கொட்டினாலும் தோல் வெளியே தெரியாது. விழுகிற முடிக்கு அடியிலேயே புதுசு தயாராக இருக்கும். எங்கேயாவது திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தால், வட்டமாகச் செதில் கட்டியிருந்தால், நாய் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தால், குளிப்பாட்டிய மறுநாளே நாற்றம் அடித்தால், சீப்பு வாங்க வைத்திருக்கும் காசை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். சொறிப்பூச்சியாக இருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், தெள்ளுப்பூச்சி கடித்து வந்த ஒவ்வாமையாக இருக்கலாம். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிந்து, வாலில் முடி போய் எலிவால் மாதிரி ஆகி, சாப்பாட்டைக் கூட்டாமலே நாய் குண்டாகி மந்தமாகக் கிடந்தால், தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். புண்பட்ட தோலில் கம்பி பிரஷ் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குட்டி போட்ட நாய்க்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். மற்றபடி நாய் நன்றாக இருந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம், திரும்ப வளர்ந்துவிடும்.

சாப்பாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். முடி என்பது பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். நம் பக்கம் பல வீடுகளில் நாய்க்கு மூன்று வேளையும் தயிர்ச்சோறுதான். பாவம், அது முடியை எதை வைத்துச் செய்யும்? வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி, முள் எடுத்த மீன் என்று ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போகாமல், வெளியே எந்தப் பிரஷ் போட்டும் பளபளப்பு வராது.

2. கடைக்குப் போகும் முன் விரலால் பிரித்துப் பாருங்கள்

நாயைப் பகல் வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். தோள்பட்டையில் முடியை இரண்டு கட்டைவிரலாலும் வகிடு எடுப்பது போலப் பிரியுங்கள். தோல் உடனே தெரிந்தால் ஒற்றை அடுக்கு. தோலுக்கும் மேல்முடிக்கும் நடுவில் பஞ்சு மாதிரி, நிறம் வெளுத்து, மெத்தென்று ஒன்று அடைத்துக்கொண்டு நின்றால் அதுதான் அடிமுடி. அந்த நாய் இரட்டை அடுக்கு. பிட்டத்திலும், பின்னந்தொடையின் பின்பக்கத்திலும் இதையே செய்யுங்கள். தோளில் கொஞ்சமாகத் தெரியும் அடிமுடி பிட்டத்தில் மெத்தை மெத்தையாக இருக்கும்.

சோபாவில் ஒட்டுவதில் பெரும்பங்கு இந்த அடிமுடிதான். மேல்முடி கொஞ்சம் விறைப்பாக, நேராக, நுனியில் நல்ல நிறத்தோடு இருக்கும். வெயில், மழை, முள், பூச்சி எல்லாவற்றையும் தடுக்கிற கூரை அது. அடிமுடி கூரைக்குக் கீழே போட்ட பஞ்சு. உதிர்ந்த பஞ்சை எடுக்க வேண்டும், கூரையை உடைக்கக் கூடாது. கருவி வாங்குவதில் உள்ள சூட்சுமம் எல்லாம் இவ்வளவுதான்.

லேப்ரடாரைப் பார்த்து ஏமாறாதவர்கள் கிடையாது. குட்டை முடிதானே என்று வாங்குவார்கள். ஆனால் அதன் முன்னோர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் நீந்திய நாய்கள். குட்டை முடிக்குள் அடர்த்தியான அடிமுடி உண்டு. பீகிளும் பழுப்பு நிறப் பக்கும் இதே கதைதான். ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி எல்லாம் நீள முடி இரட்டை அடுக்கு. நம் ஊரில் பாமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அதுவும் இந்தக் கூட்டம்தான்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நம் தெரு நாட்டு நாய்கள் எல்லாம் குட்டை, வழுவழு. அடிமுடி மிகக் குறைவு. கொட்டாது என்றில்லை, ஊசி ஊசியாகக் கொட்டும். ஷிட்ஸூவும் லாசா அப்ஸோவும் வேறு ஜாதி. முடி நம் தலைமுடி போல நீண்டுகொண்டே போகும், தரையில் அதிகம் விழாது, ஆனால் உள்ளேயே சிக்கிச் சடை பிடிக்கும். அவற்றுக்கு இந்தக் கட்டுரையின் கருவிகளில் ஸ்லிக்கர், ஸ்டீல் சீப்பு இரண்டும் மட்டும் போதும்.

இன்னொரு சந்தேகம் பலருக்கு உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவைதான் கொட்டும் என்று படித்தோமே, இது ஏன் 12 மாதமும் கொட்டுகிறது? குளிர்நாடுகளில் பகல் நீள்வதையும் குறைவதையும் வைத்து நாயின் உடம்பு முடியை மாற்றிக்கொள்கிறது. மதுரை பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். போதாததற்கு ராத்திரி 11 மணி வரை ஹாலில் டியூப்லைட். உடம்புக்குப் பருவம் எது என்றே குழப்பம். அதனால் எந்நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும். சீனிக்குப் பங்குனி, சித்திரையிலும், மழை தொடங்கும் ஐப்பசி வாக்கிலும் கொஞ்சம் கூடும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை பயன்படும் பெரிய கருவியைவிட, வாரத்துக்கு மூன்று முறை கை வலிக்காமல் போடக்கூடிய சின்னக் கருவிதான் நமக்குத் தேவை.

3. ஈர்க்குச்சியால் ஆழம் அளங்கள்

இதை யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கு உருவி, கூர் நுனியை ஒடித்து மழுங்கலாக்குங்கள். நாயின் முடிக்குள் மெதுவாக நேராக நிறுத்தி, தோலைத் தொட்டதும், முடி முடிகிற உயரத்தில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். ஸ்கேலில் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தோள், பிட்டம், பின்னந்தொடை மூன்றும் போதும். என் அக்கா வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டுக்குத் தோளில் 3 செ.மீ., பின்னந்தொடையில் 6. சீனிக்கு எங்கே வைத்தாலும் 2 செ.மீ.யைத் தாண்டவில்லை.

இந்த எண் எதற்கு? பிரஷ்ஷின் பல் இதைவிடக் குட்டையாக இருந்தால் அது மேல்முடியை மட்டும் வருடிவிட்டு வந்துவிடும். மேலே வழவழவென்று இருக்கும், அடியில் பஞ்சு அப்படியே கிடந்து சடையாகும். ரொம்ப நீளமான பல்லைக் குட்டை முடியில் போட்டால் அது நேராகத் தோலைக் கீறும். ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பிரஷ்ஷின் மொத்த நீளத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பல்லின் நீளத்தை.

4. எந்தக் கருவி எதற்கு

*ரப்பர் பிரஷ்.* குட்டை முடி நாய் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இது. முழுக்க ரப்பர், கூம்பு கூம்பாகத் தடித்த பல், உள்ளங்கையில் அடங்கும். சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் உதிர்ந்த முடி ரப்பரில் ஒட்டி மேலே வரும். சீனிக்குப் பிரஷ் என்றாலே ஓட்டம்தான், இதை எடுத்தால் மட்டும் தானாக வந்து முதுகைக் காட்டும். குளிக்கும்போது ஷாம்பு நுரையோடு போட்டால் இரட்டிப்பு முடி வரும். விலையும் அதிகமில்லை. என் டிராயரிலேயே மலிவானதும் இதுதான், அதிகம் உழைத்ததும் இதுதான். ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் இதைத் தாண்டி எதுவும் வேண்டாம். ஒரு ஈரத் துணியால் கடைசியில் துடைத்துவிட்டால் சரி. ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல் அப்படியே தெரியும், அதில் கம்பி எதையும் கொண்டுபோகாதீர்கள்.

*கிளவுஸ்.* கையுறையில் ரப்பர் முட்டு வைத்தது. பிரஷ்ஷைப் பார்த்தாலே பயப்படும் நாய்க்கும் குட்டிக்கும் பழக்கிவிட நல்லது. அடிமுடி வரை போகாது. விளம்பரத்தில் ஒரு தடவை தடவினால் பாய் மாதிரி முடி உரிந்து வரும். அந்த நாயை ஒரு மாதம் வாராமல் வைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

*ஸ்லிக்கர் பிரஷ்.* மெல்லிய கம்பிகள், நுனி லேசாக வளைந்து, ஒரு மெத்தையில் செருகியிருக்கும். ஸ்பிட்ஸ், கோல்டன் போன்ற நீள முடிக்குச் சின்னச் சிக்கை எடுக்கவும், மேலே தளர்ந்து நிற்கும் அடிமுடியை வாரவும் இதை விட்டால் ஆளில்லை. ஆனால் கடையில் கிடைப்பதில் பாதி மோசம். சோதிக்க எளிய வழி: உங்கள் முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேலே தோல் மெல்லிசாக இருக்கும் இடத்தில், நாய்க்குப் போடும் அழுத்தத்தில் நான்கு தடவை இழுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நாயின் மேல்தோல் 3 முதல் 5 செல் அடுக்குதான், நமக்கு 10-க்கு மேல். நமக்கு எரிவது அதற்கு இன்னும் எரியும். கம்பி செருகிய மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கி எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் கம்பி விட்டுக்கொடுக்காது, தோல்தான் விட்டுக்கொடுக்கும்.

பிடியில் பொத்தானை அமுக்கினால் முடி தானாக வெளியே வந்துவிழும் வகையும் உண்டு. வசதிதான். அந்த ஸ்பிரிங் என்னிடம் நான்கு மாதம்தான் தாங்கியது.

*அண்டர்கோட் ரேக்.* களத்தில் வைக்கோல் வாரும் வாரியைச் சின்னதாக்கினால் எப்படி இருக்கும், அதுதான். பற்கள் தள்ளித் தள்ளி, தடிப்பாக, நுனி உருண்டையாக இருக்கும். மேல்முடியின் நடுவே புகுந்து அடிமுடியை மட்டும் இழுத்து வரும். ஜெர்மன் ஷெப்பர்டு, ஹஸ்கி, கோல்டன், ஸ்பிட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். ஈர்க்கில் அளந்த எண் இங்கேதான் கைகொடுக்கும்: பல் அந்த ஆழத்துக்குச் சமமாக, அல்லது ஒரு நூல் கூடுதலாக இருக்கட்டும். பல் தானாகச் சுழலும் வகை கிடைத்தால் கொஞ்சம் காசு போனாலும் அதையே எடுங்கள், சிக்கில் மாட்டும்போது வெடுக்கென்று இழுக்காது. பற்கள் இரண்டு வரிசை இருப்பது அடர்த்தியான முடிக்கு, ஒரு வரிசை மற்றதற்கு.

*டீஷெட்டிங் பிளேடு.* ஃபர்மினேட்டர் என்ற பிராண்டால் பிரபலமானது. இப்போது அதே வடிவில் பல பேரில் வருகிறது. முடி வெட்டும் மெஷினின் பிளேடு போல நெருக்கமான, குட்டையான இரும்புப் பல். ஒரு இழுப்பில் கைநிறைய முடி வரும். வருகிற முடியைப் பார்த்து மனசு குளிர்ந்துவிடும், ஆபத்தும் அங்கேதான்.

என் கதை இது. பிளேடு வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே சீனியின் முதுகில் அரை மணி நேரம் இழுத்தேன். முடி வந்துகொண்டே இருந்தது, நானும் நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் முதுகெலும்பு ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குத் தோல் சிவந்து, அது தரையில் உருண்டு உருண்டு தேய்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதினார். "பிளேடு போட்டீங்களா? எவ்வளவு நேரம்?" என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். சிவப்பு ஒரு வாரத்தில் போனது. அறுந்த மேல்முடி வளர்ந்து அந்தக் கோடு மறைய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அன்றைக்குக் குப்பையில் போட்ட முடியை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடிமுடி வெளுப்பாக, சுருள் சுருளாக, ஊதினால் பறக்கும். மேல்முடி நேராக, விறைப்பாக, நுனியில் நிறத்தோடு இருக்கும். சீனிக்கு அடிமுடி கிட்டத்தட்ட வெள்ளை, மேல்முடி தேன் நிறம். பிளேடில் சேர்ந்த முடியை ஒவ்வொரு நான்கைந்து இழுப்புக்கும் ஒருமுறை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். பஞ்சாக வரும் வரை சரி. நேரான நிற முடிகள் கலந்து வர ஆரம்பித்தால் பழசு தீர்ந்துவிட்டது, இப்போது கூரையை அறுக்கிறீர்கள். நிறுத்துங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காமல், மொத்தம் 10 நிமிடத்துக்குள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு. வாங்கும்போது குட்டை முடிக்கு, நீள முடிக்கு என்று தனித்தனியாக இருக்கும். 5 செ.மீ.க்கு மேல் என்றால் நீளம். ஒற்றை அடுக்கு நாய்க்கும் ஷிட்ஸூவுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

*ஸ்டீல் சீப்பு.* இதை யாரும் வாங்குவதில்லை, வாங்க வேண்டியது இதுதான். பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல், சுமார் ஒரு சாண் நீளம். முடியை எடுப்பதைவிட இதன் வேலை பரீட்சை வைப்பது. பிரஷ் போட்டு முடித்ததும் அகலப் பக்கத்தைத் தோலில் தொட வைத்து நுனி வரை இழுங்கள். தடையில்லாமல் ஓடினால் வேலை முடிந்தது. எங்கேயாவது நின்றால் உள்ளே சிக்கு இருக்கிறது, பிரஷ் மேலே மேலே ஏமாற்றியிருக்கிறது. நம் தலைக்கு வாரும் பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம். அடர்ந்த முடியில் பல் உடையும், உடைந்த முனை குத்தும்.

நம் வீட்டுப் பழைய பேன் சீப்புக்கும் ஒரு வேலை உண்டு. வால் அடியில் வாரி, விழும் கருப்புத் தூளை நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது நாயின் ரத்தம்தான். நிறம் மாறாவிட்டால் வெறும் தெருப் புழுதி.

*புளோயர்.* குரூமிங் கடைகளில் வைத்திருக்கும் பலத்த காற்று மெஷின். குளித்த நாயின் அடிமுடியை ஊதியே வெளியேற்றும். வீட்டுக்கு வாங்குவது வீண் செலவு. நீள முடி நாய் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடையில் போட்டு வரலாம். கூண்டுக்குள் அடைத்துச் சூடான காற்றை விட்டுவிட்டு ஆள் போய்விடும் கடை என்றால் வாசலோடு திரும்பிவிடுங்கள். நாம் தலை காய வைக்கும் டிரையரின் சூடும் நாய்த் தோலுக்கு ஆகாது.

குண்டூசித் தலை வைத்த 'பின்' (pin) பிரஷ், பன்றிமுடி பிரஷ் இரண்டும் கடைசியில் பளபளப்புக் காட்டத்தான். கொட்டுகிற முடிக்கும் அவற்றுக்கும் பெரிய சம்பந்தமில்லை.

5. கடையில்

"அண்ணே, இது எல்லா நாய்க்கும் ஆகும், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் தம்பியிடம் கோபப்படாதீர்கள். அவர் வேலை அது. தாளில் குறித்த எண்ணைச் சொல்லி, "ரெண்டு அடுக்கு, ரெண்டு சென்டி ஆழம், பல் அவ்வளவு இருக்கணும்" என்று கேளுங்கள். அவரும் உட்கார்ந்து தேடித் தருவார். முன்கைச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். பல் நுனியை உள்ளங்கையில் உருட்டினால் எதுவும் குத்தக் கூடாது. பிடியை ஈரக் கையோடு பிடிப்பதாக நினைத்துப் பாருங்கள், வழுக்கும் பிளாஸ்டிக் வேண்டாம். எங்கள் தெருவில் எல்லோருக்கும் போர் தண்ணீர்தான், உப்பு. முலாம் பூசிய இரும்பு ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. துருப்பிடித்த பல் சொரசொரவென்று முடியை அறுக்கும்.

நாயைக் கூடவே கூட்டிப்போக முடிந்தால் நல்லது. சீனியைக் கூட்டிப்போன அன்று அது பிரஷ்ஷை விட்டுவிட்டு பிஸ்கட் அலமாரி முன்னால் உட்கார்ந்துகொண்டது.

6. போடும் விதம்

மதுரை வெயிலுக்கு நேரம் முக்கியம். சித்திரையிலும் கத்திரியிலும் காலை 7 மணிக்குள் மொட்டை மாடியில் முடித்துவிடுவேன். அதற்கப்புறம் தளம் பாதத்தைச் சுடும். அடியில் பழைய செய்தித்தாள் விரியுங்கள், ஃபேனை அணையுங்கள். ஸ்பிரே பாட்டிலில் சாதாரணத் தண்ணீரை மேலே லேசாகப் பனி மாதிரி தெளித்தால் முடி பறக்காது. காய்ந்த முடியை இழுத்தால் உடையவும் செய்யும்.

முதலில் வெறுங்கையால் கழுத்திலிருந்து வால் வரை ஒரு சுற்று. இதில்தான் உண்ணி, கட்டி, காயம் எல்லாம் கைக்குத் தட்டுப்படும். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, கால் விரல் இடுக்கு மூன்றையும் விடாதீர்கள். உண்ணி இருந்தால் கூர் முனை டுவீசரால் தோலை ஒட்டித் தலைப் பக்கம் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நம் ஊர் நாய்களில் பார்க்கும் பழுப்பு உண்ணி எர்லிக்கியா, பபீசியா போன்ற ரத்த நோய்களைப் பரப்பும். உண்ணி எடுத்த பிறகு வரும் வாரங்களில் நாய் சாப்பிடாமல் சோர்ந்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து, நீள முடி நாய் என்றால், ஒரு கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கீழே விட்டு வாருங்கள். அது ஓடியதும் அடுத்த விரல் அகலம். வயல் நடவு போல வரிசை வரிசையாக. பிட்டமும் பின்னந்தொடையும் நேரம் எடுக்கும். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், தோளிலிருந்து இழுத்தால் அழுத்தம் கூடிவிடும். குட்டை முடி என்றால் ரப்பரில் வட்டமாகத் தேய்த்து, முடி வளரும் திசையில் ஒரு இழுப்பு. வயிறு, அக்குள், காம்பு இருக்கும் இடங்களில் கிளவுஸ் அல்லது கை மட்டும்.

சிக்கு வந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சடையை இழுத்தால் தோலும் கூடவே கூம்பாக எழும்பும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். கொஞ்சம் மக்காச்சோள மாவு (கார்ன்ஃபிளார்) தூவி, விரலால் சிக்கை இரண்டாக, நான்காகக் கிழித்து, நுனியிலிருந்து தொடங்கி அடிக்கு வாருங்கள். தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் ஒரு விரலைக் கொடுத்துக்கொண்டால் நாய்க்கு வலிக்காது. நெல்லிக்காய் அளவைத் தாண்டியதைக் குரூமிங் கடையில் மெஷினால் எடுக்கக் கொடுத்துவிடுங்கள்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் வார வேண்டும், பின்னால் அல்ல. நனைந்த சிக்கு காய்ந்ததும் கயிறாக இறுகும். நம் ஷாம்பு நம் தோலின் அமிலத்தன்மைக்குச் செய்தது, நாய்த் தோல் நடுநிலைக்கு அருகில் இருக்கும். நாய்க்கென்று உள்ளதையே வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் நுரை சீக்கிரம் போவது மாதிரி தெரியும், ஷாம்பு உள்ளே நிற்கும். இன்னொரு வாளி ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிமுடி காயாமல் விட்டால் தோலில் ஈரப் புண் வரும். துண்டால் ஒற்றி, ஃபேன் காற்றில், விரலால் பிரித்துப் பார்த்து அடிவரை காய்ந்ததா என்று உறுதி செய்யுங்கள்.

சேர்ந்த முடியைக் குளியலறைச் சாக்கடையில் விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை பிளம்பர் வந்து குழாயிலிருந்து எடுத்ததைப் பார்த்து, "எலி செத்துக் கிடக்குப்பா" என்றார் அப்பத்தா.

7. வெயிலுக்கு மொட்டை?

ஏப்ரல் வந்தால் நான்கு பேராவது கேட்கிறார்கள். 40 டிகிரி வெயிலில் நாய் மூச்சு வாங்குவதைப் பார்க்க மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. சூட்டைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சில்தான் தள்ளுகிறது. மொட்டையடித்தால் வெயில் நேராகத் தோலில் விழும், தோல் வெந்துபோகும். இரட்டை அடுக்கு நாய்க்கு வழித்த பிறகு முடி சரியாகத் திரும்பாமல், திட்டுத் திட்டாக, வெறும் பஞ்சாக வளர்வதும் உண்டு. சில நாய்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். உதிர்ந்த அடிமுடியை ரேக்கால் எடுத்துவிட்டால் காற்று தோல் வரை போகும். வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். நிழல், தண்ணீர், ஈரச் சாக்கு, மதியம் வெளியே கூட்டிப்போகாமல் இருப்பது இவையே போதும். சடை பிடித்துப்போன நாய்க்கும், தோல் வைத்தியத்துக்கு டாக்டர் சொன்ன நாய்க்கும் மட்டும் மொட்டை சரி.

8. எதை முதலில் வாங்குவது

லேப், பீகிள், பக் என்றால் முதல் மாதம் ரப்பர் பிரஷ்ஷோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பத்து நிமிடம். ஒரு மாதம் ஒழுங்காகப் போட்ட பிறகும் சோபாவில் முடி மூடினால் குட்டை முடிக்கான பிளேடை யோசிக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன், ஹஸ்கி, ஸ்பிட்ஸ் என்றால் ரேக்கும் ஸ்டீல் சீப்பும் ஒன்றாக வாங்குங்கள், அடுத்த மாதம் ஸ்லிக்கர். ஷிட்ஸூ, லாசாவுக்கு ஸ்டீல் சீப்பும் மெல்லிய ஸ்லிக்கரும். நாட்டு நாய்க்கு ரப்பர் போதும், அதுவும் கிடைக்காவிட்டால் கையும் ஈரத் துணியும்.

ஒவ்வொரு தடவையும் முடியை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி, பல் கீழே பார்க்கும்படி காய வையுங்கள். ஸ்லிக்கரில் கம்பி ஒன்று வளைந்து தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் அதை நிமிர்த்த முயற்சிக்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள். இரண்டு நாய் இருந்து ஒன்றுக்குப் பூஞ்சை என்றால் சீப்பைப் பொதுவாக வைக்கக் கூடாது.

என் டிராயரிலிருந்த ரேக்கை அக்கா போன மாதம் வந்து எடுத்துப்போனாள். பல் 3 செ.மீ. நீளம், சீனிக்கு அது என்றைக்குமே பொருந்தியதில்லை. அவள் நாய்க்குத் தோள் வரைக்கும் சரியாக இருக்கிறதாம், பின்னந்தொடைக்கு எட்டவில்லையாம். ஈர்க்கை எடுத்து அளந்துவிட்டு இன்னொன்று வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.